சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

ஊரே வேர்த்துக் கொட்டுகிற நேரத்தில், ஏசி இருக்கிற வீடாகத் தேடிப் போய், அங்கே ஏசி இல்லாமல் வேர்ப்பதுதான் எங்கள் தொழில்.

இதை எழுத உட்காரும்போதே, எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கம்ப்ரசர், கெப்பாசிட்டர், தெர்மோஸ்டாட் எல்லாம் என் வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்டுப் பழகியவை. சம்பவத்தைத் தப்பாகச் சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். வேலையைத் தப்பாகச் சொல்லி, அதைப் படித்துவிட்டு நீங்கள் ஸ்க்ரூ டிரைவரோடு ஏசி முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் ஏசியைத் திறக்காதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள். நான் தலத்தெருவில்தான் இருக்கிறேன்.

ஜன்னல் ஏசி வைத்திருப்பவர்களுக்கு என் கஷ்டம் கொஞ்சம் புரியும். ராத்திரி முழுக்க லாரி மாதிரி உறுமும், சுவரில் தண்ணீர் வடிக்கும், கடல் காற்றில் இரண்டே வருஷத்தில் பின்பக்கத் தகடெல்லாம் அப்பளமாக நொறுங்கும். இருந்தாலும் அதை மாற்ற உங்களுக்கு மனசு வராது. மாற்றிவிடாதீர்கள். எங்கள் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது.

பார்க்கத்தான் போட்டேன்

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சுவிட்ச். என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஒருநாள் ஒரு வீட்டில், வெளிப்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி, ஏசியின் பின்னால் கையை விட்டு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினார். உள்ளே ஈஸிசேரில் இருந்த பெரியவர் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு எழுந்து வந்து சுவிட்சைப் போட்டுவிட்டார்.

உதறிய உதறலில் இவர் ஸ்டூலோடு படிக்கட்டில் விழுந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது தோள்பட்டைதான் போயிற்று. இன்றைக்கும் அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. சட்டை போட்டுக்கொள்ள நான் போய் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு பார்க்க வந்த அந்தப் பெரியவர், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "சரியாயிடுச்சான்னு பார்க்கத்தான் போட்டேன் தம்பி."

மெக்கானிக் எப்ப வருவாரு?

ஆறு மாசம் அவர் கூடவே போய், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கை வேலை பார்த்தேன். பார்ட்ஸில் இருக்கிற இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது, எண்கள் மட்டும்தான் தெரியும். அதனால் எந்த ஒயரைக் கழற்றும் முன்னும் போனில் போட்டோ எடுத்துவிடுவேன். ஒரே ஒயரை மூன்று தடவை எடுப்பேன். டெஸ்டரையும் அப்படித்தான், ஒரு தடவை வைத்துப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது. "இன்னும் நாலு தடவை வச்சுப் பாரு மல்லிகா, கரண்ட்டுக்கே வெட்கம் வந்துடும்" என்பார் அவர். அவருக்கென்ன, ஒரு தோள்தான் போயிருக்கிறது. நானும் விழுந்தால் வீட்டில் யார் யாருக்குச் சோறு போடுவது?

தனியாகப் போன முதல் வேலை வரிச்சிக்குடியில், தங்கராசு என்கிற விவசாயி வீட்டில். முந்தானை மெஷினில் மாட்டக் கூடாது என்று புடவைக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நடவு முடிஞ்சு போச்சேம்மா. களையெடுக்க அடுத்த வாரம் வாங்க, சொல்லி அனுப்புறேன்" என்றார். வயல் வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாம் அப்படித்தானே வருவார்கள், அவர் மேல் தப்பில்லை. ஏசிக்கு வந்திருக்கிறேன் என்றதும், எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே விட்டார்.

கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தது. பையில் இருந்த புதியதை மாட்டி, போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஒயரைச் செருகி, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டு ஓட்டினேன். கம்ப்ரசர் பிடித்தது. ஐந்து நிமிஷத்தில் அறை குளிர்ந்துவிட்டது. தங்கராசு அண்ணன் ஏசிக்கு முன்னால் நின்று, சட்டையைத் தூக்கி வயிற்றில் காற்று வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏசி நல்லா ஓடுதும்மா. சரி, மெக்கானிக் எப்ப வருவாரு?"

டம்ளரில் ஏழு ஸ்க்ரூ

போனில் வீடியோ பார்த்துவிட்டுத் தானே பார்ட்ஸ் வாங்கி மாட்டுகிறவர்கள் ஒரு தனி வகை. அதில் ரிடயரான ஹெட்மாஸ்டர் ஒருவர். போனதும் என் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தார். காபி என்று நினைத்தேன். உள்ளே ஏழு ஸ்க்ரூ இருந்தன. "எல்லாத்தையும் மாட்டிட்டேன்மா. இது கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டிருக்கான்" என்றார்.

காற்றாடி மோட்டாரும் கெப்பாசிட்டரும் புதிதாக வாங்கி மாட்டியிருந்தார். கெப்பாசிட்டரில் மூன்று முனை இருக்கும். ஒன்று காற்றாடிக்கு, ஒன்று கம்ப்ரசருக்கு, ஒன்று இரண்டுக்கும் பொது. காற்றாடிக்குப் போக வேண்டியதைக் கம்ப்ரசருக்கும், கம்ப்ரசருக்குப் போக வேண்டியதைக் காற்றாடிக்கும் கொடுத்திருந்தார். கம்ப்ரசர் முக்கி முக்கி நின்றுபோயிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்தது. "பழைய கெப்பாசிட்டரைக் கழட்டினீங்களே சார், அதுல இருந்த கரண்ட்டை முதல்ல இறக்கினீங்களா?" என்று கேட்டேன். "பிளக்கைத்தான் பிடுங்கிட்டேனே!" என்றார். மோட்டாரை நிறுத்தினாலும் மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும் இல்லையா சார், அந்த மாதிரி பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும் என்று சொல்லி, ஒயர் வைத்த என் குண்டு பல்பை எடுத்துக் காட்டினேன். அதைத் தொடவைத்து, இருக்கிறதை எரித்துத் தீர்த்துவிட்டுத்தான் நாங்கள் கை வைப்போம். பழையதை அவர் எப்படிக் கழற்றினார் என்று கேட்டேன். வெறும் கையால்தான் கழற்றினாராம். அவர் புண்ணியம் செய்தவர்.

ஸ்க்ரூ ஏழையும் அதது இருந்த ஓட்டையில் நான் போடப் போட, சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார். சமையல்கட்டு வாசலிலிருந்து அவர் வீட்டம்மா சொன்னார்கள்: "முப்பது வருஷம் ஊரார் புள்ளைங்க தப்பையெல்லாம் சிவப்பு மையில சுழிச்சாரு. இன்னைக்குத்தான் அவரு பேப்பர் திருத்துற ஆளு வந்திருக்கு. மார்க்கைக் குறைச்சே போடும்மா."

மோட்டாருக்குள்ளே ஒரு சத்தம்

அம்பகரத்தூரில் ஒரு வீடு. கோயில் தாண்டி பஸ் நின்றதும் அந்த வீட்டுக்காரர் டூவீலரோடு காத்திருந்தார். வழியெல்லாம் விளக்கம். ஏசியைப் போட்டால் 'கொர்ர்ர்' என்று சத்தம், நிறுத்தினால் சத்தமும் நிற்கிறது. அதனால் மோட்டார் பேரிங்தான் என்று அவரே முடிவுகட்டி, நாகப்பட்டினம் போய்ப் புது மோட்டார் வாங்கி வைத்திருந்தார். மச்சினனும் அதையேதான் சொன்னானாம்.

பிளக்கைப் பிடுங்கி, அவரும் ஒரு பக்கம் பிடிக்க மெஷினை இழுத்துத் தரையில் இறக்கி மூடியைத் திறந்தேன். தண்ணீர்த் தட்டில் சம்மணம் போட்டாற்போல ஒரு பச்சைத் தவளை. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. கரண்ட்டுக்குப் பயப்படுகிறவள் தவளைக்குப் பயப்பட மாட்டாள் என்று யார் சொன்னது? மெஷின் உறுமும்போதெல்லாம் அதுவும் துணைக்குக் கத்தியிருக்கிறது. மெஷின் நின்றால் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் பேப்பரில் அதைத் தள்ளிக் கொல்லையில் விட்டார். பழைய மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது.

மூடியைப் போட்டு, இரண்டு பேருமாக மெஷினைப் பழைய இடத்தில் ஏற்றிவிட்டு, கிளம்பலாம் என்று பையைக் கட்டினேன். வீட்டம்மா புது மோட்டாரை அட்டைப்பெட்டியோடு தூக்கிவந்து முன்னால் வைத்தார். "நல்ல மோட்டாரை எதுக்கு மாத்தணும்?" என்றேன். அவர் விடவில்லை: "தவளைதான் போயிடுச்சுங்களே, இடம் காலியாத்தான இருக்கு. வாங்கினதையும் எங்கேயாவது மாட்டிட்டுப் போங்க."

தூக்க நாலு பேர்

ஜன்னல் ஏசியைத் தனியாளாகத் தூக்க முடியாது. அதனால் போகிற வீட்டிலேயே ஆள் கேட்பேன். டவுனில் ஒரு சொல்தா வீடு, பழைய சிப்பாயை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், இப்போது இல்லை. அவர் வாங்கிப்போட்ட ஏசியை அந்த அம்மா இன்னும் வைத்திருக்கிறார்கள். நிறுத்தியிருக்கும் நேரமெல்லாம் மேலே பூப்போட்ட உறை போட்டிருக்கும். தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டும். தூக்குவதற்குத் தெருவிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டார்கள். நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் தூக்கு, முதலில் உன் கையை எடு என்று கால் மணி நேரம் யோசனை சொன்னார்கள். ஏசி ஒரு சாண் நகரவில்லை. எனக்கோ யார் காலில் போட்டுக்கொள்வார்களோ என்று பதைப்பு. அந்த அம்மா பூப்போட்ட உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்கள். கடைசியில் பொறுக்க மாட்டாமல் சொன்னார்கள்: "அவரை எடுத்துட்டுப் போனப்பகூட நாலு பேருதான் வந்தீங்க. அன்னைக்கு யாரும் இவ்வளவு பேசலையேப்பா."

காத்து வருதுல்ல?

இதுவரை சொன்னது சிரிக்க. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது.

பைபாஸ் பக்கம் ஒரு வீடு. நல்ல சித்திரை வெயில். ஏசிக்கு பிளக் இல்லை. சுவரில் இருந்து ஒயரை நேராகக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். எந்த சுவிட்ச் எதற்கு என்று அந்த வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று வீட்டுக்கே மெயினை இறக்கிவிட்டேன். "யாரும் மெயின் பக்கம் போகாதீங்க" என்று வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். சமையல்கட்டில் இருந்த அவர் மனைவியிடம் நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மெஷினைப் பாதி வெளியே இழுத்து மேஜையில் தாங்கவைத்து, செலக்டர் சுவிட்சை மாற்றி, உள்ளே கை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. கையை வெளியே எடுத்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தேன்.

அந்த நேரத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது. உள்ளே விட்டுவந்த துணியைக் காற்றாடி சுருட்டிக் கிழித்தது. தூசியெல்லாம் என் முகத்தில். தலைக்கு மேலே ஃபேனும் சுற்றியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு விரலை எண்ணினேன். என் வீட்டுக்காரருடைய தோள்பட்டைதான் கண் முன்னால் வந்தது. நாளைக் காலை அவருக்குச் சட்டை மாட்டிவிட யார் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா ஒரு கையில் மோர்ச் செம்போடு வந்தார்கள். வந்தவர்களை வேர்க்க விடாமல் ஃபேன் போட்டு, மோர் கொடுத்து உட்காரவைப்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. அவர்கள் முகத்தில் அவ்வளவு அன்பு. திட்டவும் முடியவில்லை. செம்பை வாங்கிக் குடித்தால் பாதி மோர் சட்டையில். அவர்கள் முந்தானையால் என் முகத்துத் தூசியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்கள்: "வேர்த்து வழியறீங்களேன்னுதான் மெயினைப் போட்டேன். இப்பக் காத்து வருதுல்ல?"

அட்டை போட்டுப் பார்த்தேன்

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலக் கிண்டல் செய்யவில்லை. எழுந்து போய் ஒரு அட்டையை எடுத்து, இடது கையால் கோணல் மாணலாக எழுதினார்: 'வேலை நடக்கிறது. சுவிட்சைத் தொடாதீர்கள்.' நூல் கோத்துக் கொடுத்தார். போகிற வீட்டிலெல்லாம் மெயினில் தொங்கவிட்டேன்.

ஒரு மாசம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு வீட்டில், நான் ஏசிக்கு எதிரில் உட்கார்ந்து ஒயரைத் தொடுவதற்கு முன் மறுபடி டெஸ்டர் வைத்தேன். டெஸ்டர் எரிந்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என் சந்தேக புத்தி. ஓடிப்போய்ப் பார்த்தால், மெயினுக்குக் கீழே அந்த வீட்டு மாப்பிள்ளை என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஊரிலிருந்து விருந்துக்கு வந்தவர், நிறையப் படித்தவர். "அட்டையைப் படிச்சீங்களா தம்பி?" என்றேன். "முழுசாப் படிச்சேங்க" என்றார் அவர். "நிஜமாவே லைன் ஆஃப் ஆயிருக்கான்னு உங்களுக்காகத்தான் செக் பண்ணேன்."

கடைசியில் செய்தது

அன்றோடு அட்டையைத் தூக்கிப்போட்டேன். மெயினை இறக்கினால் ஏற்றிவிடுகிறார்கள், எழுதி மாட்டினால் கழற்றிவிடுகிறார்கள். அப்படியென்றால் ஏற்றுவதற்கே ஒன்றும் இருக்கக் கூடாது. இப்போது நான் செய்வது இதுதான். பிளக் இல்லாத ஏசியா, மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒயரைக் கழற்றி, முதலில் ஒரு பிளக் மாட்டுவேன். மற்ற வேலை எல்லாம் பிறகு. பிளக் உள்ள ஏசியா, அதைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். மீட்டர் பக்கத்தில், வீட்டுக்கே கரண்ட் போகிற பழைய ஃபியூஸ் கட்டை இருக்கிற வீடா, அதையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிவிடுவேன். இனி யார் எவ்வளவு அன்பாக எந்த சுவிட்சைத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. முதல் நாள் அப்படி உட்கார்ந்து வேலை பார்த்தபோதுதான், இத்தனை நாளாக எவ்வளவு பயத்தை முதுகில் சுமந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

போன மாசம் வரிச்சிக்குடியில் அதே தங்கராசு அண்ணன் வீடு. காற்றாடி மோட்டார் போய்விட்டது. கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டாரை மாற்றினேன். கட்டையை மறுபடி மாட்டி, ஏசியை ஓட்டியும் காட்டினேன். கிளம்பும்போது முன்மூடியில் ஒரு ஸ்க்ரூ போடாதது ஞாபகம் வந்தது. ஒரு ஸ்க்ரூதானே என்று அப்படியே போட எனக்குத் தைரியம் இல்லை. அதற்கும் கட்டையைப் பிடுங்கினேன். ஸ்க்ரூவைப் போட்டேன், தண்ணீர் குடித்தேன், பஸ் வந்துவிட்டது என்று ஓடிப்போய் ஏறினேன்.

பாதி வழியில் போன் வந்தது. என்னை ஒருநாளும் பெயர் சொல்லியோ தொழில் சொல்லியோ கூப்பிடாத அண்ணன், பஸ்ஸில் நாலு பேருக்குக் கேட்கிற குரலில் கேட்டார்: "ஏம்மா மெக்கானிக், ஏசியை ரிப்பேர் பண்ணச் சொன்னா, ஊட்டு கரண்ட்டையே கையோட எடுத்துட்டுப் போயிட்டியாம்மா?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், கட்டை பத்திரமாக இருந்தது; அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வேகாத வெயிலில் நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்தேன் என்றாலும், கரண்ட் சொன்ன பேச்சைக் கேட்கும், நல்ல மனசுக்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்பதால், இனியும் அடுத்தவர் வீட்டு வெளிச்சத்தை என் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவேன்.